ஜூன் விடுமுறை முகாமுக்கு நம் பிள்ளையும் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பிறந்தால் என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு இப்போது பதினேழு வயது. எட்டு வயதில் அவன் முதல் முகாமுக்குப் போனதிலிருந்து நானும் முகாம்களில் தொண்டூழியம் செய்துவருகிறேன். அதனால் "அக்கா, என் மகளை எங்கே அனுப்பலாம்?" என்று கேட்கும் தமிழ்ப் பெற்றோர் எனக்கு நிறைய. பதில் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு எங்கெங்கோ போய்விடும். இந்த முறை எழுதியே வைத்துவிட்டேன். வரலாறு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் கோடையே இல்லையே, பிறகென்ன "கோடை முகாம்"?

இல்லைதான். நமக்கு வெயில், மழை, வெயிலோடு மழை, அவ்வளவே. பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கோடை விடுமுறை மாதக்கணக்கில் நீளும், பிள்ளைகளை என்ன செய்வது என்ற கவலையும் கூடவே நீளும். 1861இல் கனெட்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் கன் என்ற பள்ளித் தலைவரும் அவர் மனைவியும் தம் மாணவர்களைக் கடற்கரைக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள். இரண்டு வாரம் படகு, மீன்பிடிப்பு, கூடாரத்தில் தூக்கம். முறையாக நடந்த முதல் கோடை முகாம் அதுதான் என்பது அமெரிக்கர்களின் கணக்கு. நமக்கு ஜூனில் நான்கு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம். இந்தப் பக்கத்தில் முகாம் என்று நான் சொல்வது பெரும்பாலும் ஜூன் முகாமைத்தான்.

உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கென்று முகாம் நடத்தும் எண்ணம் எப்படி வந்தது?

மருத்துவம் வழியாக வந்தது. நல்ல காற்றும் வெயிலும் வேளாவேளைக்குச் சாப்பாடும் கிடைத்தால் உடம்பு தேறும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலரும் நம்பினார்கள். ஒஹாயோவில் எட்கர் ஆலன் என்ற வணிகரின் மகன் 1907இல் டிராம் விபத்தில் இறந்தான். ஊரில் சரியான மருத்துவமனை இல்லாததால்தான் பிள்ளை போனான் என்று தவித்த தகப்பன் முதலில் மருத்துவமனை கட்டப் பணம் திரட்டினார். 1919இல் உடற்குறையுள்ள குழந்தைகளுக்காகச் சங்கம் ஒன்றையும் தொடங்கினார். இன்று ஈஸ்டர் சீல்ஸ் என்ற பெயரில் இருப்பது அதுதான். பிற்பாடு அமெரிக்காவில் பல மாநிலங்களில் முகாம் நடத்தியது.

எனக்குப் பிடித்தது நீரிழிவு முகாமின் கதை. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921இல். நான்கே ஆண்டுகளில், 1925இல், மிச்சிகனில் லெனர்ட் வென்ட் என்ற மருத்துவர் நீரிழிவுள்ள பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப்போய்விட்டார். கொஞ்ச காலத்துக்கு முன் பிறந்திருந்தால் அவர்களில் பலர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். இப்போது ஊசி போட்டுக்கொண்டு ஏரியில் குதிக்கிறார்கள்!

ஆனால் அந்தக் கால முகாமில் பிள்ளை நோயாளிதான். எதைச் சாப்பிடுவது, எப்போது படுப்பது, எவ்வளவு தூரம் நடப்பது எல்லாம் வெள்ளை அங்கி போட்டவர்கள் முடிவு.

போலியோவுக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு?

போலியோதான் கூட்டத்தைப் பெருக்கியது. அறிவில் குறையில்லாமல், கால் மட்டும் சூம்பிப்போன ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அமெரிக்காவில் ஒரே தலைமுறையில் வளர்ந்தார்கள். இங்கேயும் 1958இல் போலியோ பரவியது. அப்போது சுமார் 2,00,000 குழந்தைகளுக்குச் சேபின் எனும் போலியோ தடுப்புச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடும் மாமா ஒருவர் அந்த ஆண்டுக் குழந்தை, காலில் இரும்புப் பட்டையோடு வளர்ந்தவர். முகாம் என்று ஆரம்பித்தாலே சிரிப்பார். "நாங்க மாடியிலேர்ந்து மத்த பிள்ளைங்க விளையாடறதைப் பாத்தோம். அதான் எங்க முகாம்."

கேம்ப் ஜெனட் என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அது என்ன?

நியூயார்க் மாநில மலைப்பகுதியில் 1951இல் தொடங்கிய முகாம். உடற்குறையுள்ளவர்களுக்கென்றே தனியாக நடத்தப்பட்டது, அதாவது எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கும், இன்றைய அர்த்தத்தில் "உள்ளடக்கிய" முகாம் கிடையாது. அப்படியிருந்தும் இந்த வரலாற்றில் அதற்குத்தான் முதல் மரியாதை என்பேன்.

அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் அங்கே மேற்பார்வை பார்த்தவர்கள் நீளமுடி வைத்த இளைஞர்கள். கட்டுப்பாடு குறைவு, பாட்டும் அரட்டையும் அதிகம். சக்கர நாற்காலியில் இருப்பவனும் பந்தாட்டத்தில் உண்டு, பேச்சு குழறுகிறவளும் கூட்டத்தில் பேசுவாள், அவள் முடிக்கும்வரை எல்லாரும் காத்திருப்பார்கள். இரவில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து எதைப் பேசினார்கள் தெரியுமா? அம்மா அப்பா தங்களை எப்படி மூச்சுமுட்டப் பாதுகாக்கிறார்கள் என்பதை. நமக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும்.

அங்கே வளர்ந்தவர்களில் ஒருவர் ஜூடி ஹியூமன். குழந்தையில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கப் போனபோது, நாற்காலி தீ ஆபத்தின்போது இடைஞ்சல் என்று திருப்பி அனுப்பினார்கள். வளர்ந்து ஆசிரியராக உரிமம் கேட்டபோதும் மறுத்தார்கள், 1970இல் வழக்குப் போட்டு வாங்கினார். அரசு நிதி பெறும் எந்தத் திட்டமும் உடற்குறையுள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்ற சட்டப் பிரிவு 1973இலேயே வந்துவிட்டது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடத்தான் ஆளில்லை. 1977 ஏப்ரலில் ஹியூமனும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் சான் ஃபிரான்சிஸ்கோவில் மத்திய அரசுக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள், கையெழுத்து விழும்வரை மூன்று வாரத்துக்கும் மேல் நகரவில்லை. அந்தக் கூட்டத்தில் ஜெனட் முகாம் நண்பர்கள் பலர் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் தூக்கி, திருப்பிப் படுக்கவைத்து, சோறு ஊட்டி நாளைக் கடத்தும் பழக்கம் முகாமிலேயே அவர்களுக்கு வந்திருந்தது. பணமுடையால் ஜெனட் முகாம் மூடப்பட்டதும் அதே 1977இல்தான்.

"தனி முகாம் என்றாலே பிற்போக்கு" என்று சில இளம் தொண்டூழியர்கள் என்னிடம் வாதாடும்போது நான் இந்தக் கதையைத்தான் எடுப்பேன்.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் ஒரு வீட்டுத் தோட்டத்தில் தொடங்கியது என்பது உண்மையா?

உண்மை. அதிபர் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962 ஜூனில் மேரிலாந்தில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பகல் முகாம் நடத்தினார். தம் பிள்ளையை எந்த முகாமும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று ஒரு தாய் அவரிடம் முறையிட்டதுதான் தூண்டுதல் என்பார்கள். அதற்கு அடியில் இன்னொரு வலி இருந்தது. யூனிஸின் அக்கா ரோஸ்மேரிக்கு அறிவுத்திறன் குறைபாடு. 1941இல் தகப்பனார் செய்யவைத்த மூளை அறுவை சிகிச்சையால் நடையும் பேச்சும் போய், வாழ்நாளின் பெரும்பகுதியைப் பராமரிப்பு இல்லத்தில் கழித்தார். குடும்பம் நெடுங்காலம் இதை மூடிவைத்தது. 1962இல் யூனிஸ்தான் ஒரு வார இதழில் எழுதிப் போட்டுடைத்தார். நாட்டின் அதிபர் வீட்டிலேயே மூடி வைத்தார்கள் என்றால் நம் வீட்டுப் பாட்டிமார்களை என்ன சொல்ல!

அந்தத் தோட்டத்து முகாமில் சுமார் 35 பிள்ளைகள், துணைக்கு அக்கம்பக்கத்துப் பள்ளி, கல்லூரி மாணவர்கள். ஏறக்குறைய ஒரு பிள்ளைக்கு ஒரு துணை. நீச்சல், குதிரை, பந்து எல்லாம் உண்டு. ஷ்ரைவரின் சொந்தப் பிள்ளைகளும் அதே புல்வெளியில்தான் ஓடினார்கள். ஆறு ஆண்டு கழித்து, 1968 ஜூலை 20ஆம் தேதி, சிகாகோவில் ஏறத்தாழ 1,000 விளையாட்டாளர்களுடன், அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களுக்கான முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டி நடந்தது. சிங்கப்பூரில் அந்த அமைப்பு 1983இல் வந்தது.

அந்த "ஒருவருக்கு ஒருவர்" கணக்கை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து இருக்கும் முகாம் எப்போது வந்தது?

ஒரு நாள் குறித்துச் சொல்ல முடியாது. நான் முக்கியமாக நினைப்பது 1970. ஹெர்ப் கிரீன்பர்க், பார்பரா கிரீன்பர்க் என்ற சிறப்புக்கல்வி ஆசிரியத் தம்பதி, ரமா என்ற யூத முகாம் அமைப்பிடம் ஒரு யோசனையோடு போனார்கள். வழக்கமாக நடக்கும் முகாமுக்குள்ளேயே வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளையும் எட்டு வாரம் தங்கவைக்கலாம் என்பது யோசனை. முகாம் இயக்குநர்கள் பலரும் கைவிரித்தார்கள். "மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்" என்ற பயம். ஒரே ஓர் இயக்குநர் துணிந்தார். பெற்றோர் யாரும் பெட்டியைக் கட்டவில்லை. அந்தத் திட்டம், டிக்வா என்ற பெயரில், இன்றும் நடக்கிறது.

அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு உடற்குறையுள்ளோர் சட்டம் தனியார் முகாம்களும் காரணமில்லாமல் கதவைச் சாத்த முடியாதபடி செய்தது. 2006இல் ஷ்ரைவர் முகாமுக்குப் பாஸ்டன் பல்கலைக்கழகம் ஒன்றில் மறுபிறவி கிடைத்தபோது கணக்கை மாற்றினார்கள். குறைபாடுள்ள பிள்ளைகள் பாதி, இல்லாத பிள்ளைகள் பாதி. 1962இல் பிள்ளைக்குப் பக்கத்தில் பெரிய மாணவர் நின்றார், 2006இல் இன்னொரு பிள்ளை நின்றது. இந்த மாற்றத்துக்கு 44 ஆண்டு ஆகியிருக்கிறது.

சிங்கப்பூரில்?

இங்கே "கேம்ப்" என்றாலே நம் வீட்டு ஆண்களுக்குத் தேசிய சேவை ஞாபகம்தான் வரும். அது தற்செயல் இல்லை. புலாவ் உபின் தீவில் அவுட்வர்ட் பவுண்ட் என்ற வெளிப்புறச் சாகசப் பயிற்சிப் பள்ளி 1967இல், தேசிய சேவை தொடங்கிய அதே ஆண்டில், திறக்கப்பட்டது. ஆதரித்தவர் அமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ. புதிய நாட்டுக்கு உரமேறிய இளையர்கள் தேவை என்பது அன்றைய பேச்சு. கயிறேறுவதும் துடுப்பு போடுவதும் முகாமின் இலக்கணம் ஆகிவிட்டன. கயிறேற முடியாத பிள்ளைக்கு அந்த இலக்கணத்தில் இடம் இல்லை.

அந்தப் பிள்ளைகளின் கதை வேறு பாதையில் போனது. 1957இல் பெருமூளை வாதமுள்ள குழந்தைகளுக்கான சங்கம் பிறந்தது. குழந்தை மருத்துவர் ஃப்ரீடா பால் முயற்சியில் அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களுக்கான, இப்போது மைண்ட்ஸ் எனப்படும் அமைப்பு 1962இல், ஷ்ரைவர் தோட்டத்தில் பந்து உருண்ட அதே ஆண்டில், தொடங்கியது. விடுமுறை உலா, கடற்கரைத் தங்கல் எல்லாம் இப்படிப்பட்ட அமைப்புகளும் தொண்டூழியர்களும் செய்தவைதான். நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளுக்காக 1992இல் வந்த கிளப் ரெயின்போவும் முகாம் நடத்துகிறது. எல்லாம் அன்பால் செய்தவை. ஆனால் பெரும்பாலும் தனி வட்டத்துக்குள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: உடற்குறையுள்ளோரின் உலக உரிமை அமைப்பு ஒன்று நம் ஊரில்தான் பிறந்தது. 1980இல் கனடாவின் வினிபெக் மாநாட்டில், நிபுணர்களோடு எங்களுக்கும் சம இடம் வேண்டும் என்று கேட்ட உடற்குறையுள்ள பேராளர்களின் தீர்மானம் தோற்றது. அவர்கள் தனியாகப் பிரிந்து 1981இல் சிங்கப்பூரில் கூடி அனைத்துலக அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் பார்வையற்ற சிங்கப்பூரரான ரான் சந்திரன் டட்லி.

அதன் பிறகு அரசாங்கத்தின் பக்கமும் நகர்ந்தது. உடற்குறையுள்ளோருக்கான முதல் ஆற்றலளிக்கும் பெருந்திட்டம் 2007இல். உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையைச் சிங்கப்பூர் 2013இல் உறுதிசெய்தது. விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்ற பிள்ளைகளுக்கு உள்ள அதே வாய்ப்பு வேண்டும் என்று அதன் 30ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. பிள்ளைகளைச் சேர்த்தே வளர்க்கும் கிண்டில் கார்டன் பாலர் பள்ளி 2016இல் திறந்தது. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி 2019இல் வந்தது.

இருந்தும் ஒரு சந்து இருக்கிறது. சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வழக்கமான பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். சிறப்புப் பள்ளிகளின் முகாம் அவர்களுக்குக் கிடையாது. தனியார் முகாமோ தயங்கும். என் மகனுக்காக ஒரு தனியார் முகாமைக் கேட்டபோது, "பணிப்பெண்ணைக் கூடவே அனுப்புங்கள், இரண்டு பேருக்கும் கட்டணம் கட்டுங்கள்" என்றார்கள். எங்கள் வீட்டில் பணிப்பெண்ணே கிடையாது.

மாற்றுத்திறனாளி என்று சொல்வதா, உடற்குறையுள்ளோர் என்று சொல்வதா?

தமிழ்நாட்டு அரசாங்கம் 2010இல் "மாற்றுத்திறனாளி" என்று மாற்றியது. இங்கே செய்திகளில் "உடற்குறையுள்ளோர்", பள்ளிகளில் "சிறப்புத் தேவையுடைய பிள்ளைகள்". எது வேண்டுமானாலும் சொல்லுங்கள், பிள்ளை பக்கத்தில் இருந்தால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

"வெளியே தெரிந்தால் தங்கைக்கு வரன் அமையாது" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். என்ன சொல்வது?

என் மாமியாரும் சொன்னார். நான் வாதாடவில்லை. முகாம் கடைசி நாள் பெற்றோர் கூட்டத்துக்கு அவரையே கூட்டிப்போனேன். அங்கே நாலைந்து பாட்டிகள் இருந்தார்கள், பேச்சு மூட்டுவலிக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டிலிருந்து தேதி கேட்பதே அவர்தான்.

வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். முகாமில் ஆங்கிலம். சமாளிப்பானா?

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு மூன்று வயதானபோது, ஒரே மொழியில் பேசினால்தான் பேச்சு வரும், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று எங்களுக்கு அறிவுரை கிடைத்தது. கடைப்பிடித்தோம். ஆங்கிலம் தெரியாத பாட்டி பேரனோடு நான்கு ஆண்டு வாய்மூடி உட்கார்ந்திருந்தார். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் சொல்வதை நான் பிறகுதான் படித்தேன். போன ஆண்டுகள் போனவைதான்.

முகாமுக்கு ஓர் அட்டை எழுதிக்கொடுங்கள். பிள்ளை சொல்லும் தமிழ்ச் சொல், அது ஒலிக்கும் விதம், அதன் பொருள். எங்கள் அட்டையில் நான்கே சொற்கள்: வேணாம், போலாம், தண்ணி, ஊச்சா. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் சீன மாணவர் ஒருவர் இரண்டே நாளில் கற்றுக்கொண்டு, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை முழுக்கக் கேட்கும்படி "ஊச்சா?" என்று என் மகனிடம் கத்தியதை நான் மறக்க மாட்டேன். அங்கே நடைபயிற்சி செய்துகொண்டிருந்த தமிழர்களும் மறந்திருக்க மாட்டார்கள்.

நல்ல முகாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விளம்பரத்தில் "அனைவருக்கும்" என்று போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். தொலைபேசியில் கேளுங்கள். விசில் ஊதுவீர்களா? சத்தம் தாங்காத பிள்ளை ஒதுங்க இடம் உண்டா? சக்கர நாற்காலி கழிவறைக்குள் திரும்புமா? இதற்கெல்லாம் உடனே பதில் சொல்பவர்கள் முன்பே செய்து பழகியவர்கள். "அனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்பவர்கள் பெரும்பாலும் இனிமேல்தான் பார்க்கப் போகிறார்கள்.

பிறகு, சாப்பாட்டு நேரத்தில் என் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று கேளுங்கள். எனக்கு இதுதான் பெரிய கேள்வி. நம் முகாம்கள் பலவும் இன்னும் 1962 கணக்கில்தான் நிற்கின்றன. பிள்ளைக்கு ஒரு தொண்டூழியர், அன்பானவர், கையை விடவே மாட்டார். மூன்று நாளும் பிள்ளை அந்த ஒருவரோடு மட்டும் இருந்துவிட்டு வீடு திரும்பும்.

மகனுக்குப் பத்து வயது. எல்லாப் பிள்ளைகளும் கலந்த முகாம். இரவு மற்றவர்களுக்கு நாசி லெமாக் பொட்டலம், அவனுக்கு வீட்டிலிருந்து தயிர்சாதமும் உருளைக்கிழங்கு சிப்ஸும். அதைத் தவிர வேறெதுவும் தொடமாட்டான். பக்கத்தில் இருந்த ஒன்பது வயதுப் பையன் எட்டிப் பார்த்தான். "சோத்துல யோகர்ட்டா?" ஒரு வாய் கேட்டு வாங்கி, முகத்தைச் சுளித்தான். ஆனால் சிப்ஸ் மேல் கண். கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான். யாருக்கும் எதுவும் கொடுத்தே பழக்கமில்லாத என் மகன் ஒரு சிப்ஸை விரலால் மேசைமேல் தள்ளினான். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. தொண்டூழியப் பெண் பூரித்துப்போய்க் கைதட்ட எழுந்தாள். முகாம் தலைவன், அவனுக்கே இருபது வயதுதான் இருக்கும், அவள் சட்டைக் கையைப் பிடித்து உட்காரவைத்தான். மூன்றாவது சிப்ஸும் நகர்ந்தது.

அந்தத் தலைவனுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றுவரை கேட்கத் தோன்றுகிறது.

என் பிள்ளைக்குக் குறை எதுவும் இல்லை. அவனை எதற்கு இப்படிப்பட்ட முகாமுக்கு அனுப்ப வேண்டும்?

சேவை செய்ய என்று சொல்லி அனுப்பாதீர்கள், நன்னடத்தைச் சான்றிதழுக்கும் வேண்டாம். முகாம் நன்றாக இருந்தால் அனுப்புங்கள். சிப்ஸுக்காக உட்கார்ந்த அந்தப் பையன் சிப்ஸுக்காகத்தான் உட்கார்ந்தான்.

ஓர் இரவுகூடப் பிள்ளையைப் பிரிந்ததில்லை. எங்கே தொடங்குவது?

பகல் முகாமில். அல்லது குடும்பத்தோடு உபினுக்கு ஒரு நாள் போய்வாருங்கள். சாங்கி பாயிண்டில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும், காத்திருக்கப் பழக அதைவிட நல்ல பள்ளி இல்லை. படகுக்குள் படியிறங்கவேண்டும் என்பதால் சக்கர நாற்காலிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தூக்க ஆள் துணையோடு போங்கள்.

பிறகு ஓர் இரவு. முதல் முறையே வெற்றி பெற்றாக வேண்டும் என்று நினைக்காதீர்கள். என் மகனின் முதல் முகாமில் இரவு பத்தே முக்காலுக்கு அழைப்பு வந்தது, டாக்சி பிடித்துப் போய்க் கூட்டிவந்தேன். அடுத்த ஆண்டு இரண்டு மணிக்கு வந்தது. மூன்றாம் ஆண்டு வரவேயில்லை. விடியும்வரை கைப்பேசியை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்கே போய் நின்றேன். பல் தேய்க்காமல், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மைலோ வாங்கும் வரிசையில் எட்டாவதாக நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் அட்டையில் இருக்கும் முதல் சொல்லைச் சொன்னான்.

"வேணாம்."

முகாம் முடிய இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தேன்.